மண்ணின் வரவு செலவு: மட்கைப் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?



சென்ற ஆண்டு எங்கள் வட்டார உழவர் கூட்டத்துக்கு வேளாண் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வந்திருந்தார். நான் யூரியாவைத் திட்டி ஒரு கால் மணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். தம்பி கையைத் தூக்கினார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. கெமிஸ்ட்ரி புத்தகத்துல யூரியாவும் ஆர்கானிக் தானே?" என்றார். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. "அது வேற, இது வேற தம்பி" என்று சமாளித்தேன்.

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவனுக்குச் சமாளித்த பதில் உறக்கம் தராது. கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பழகியவன். அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். யூரியாவில் ஆரம்பித்த தேடல் மட்கில் வந்து நின்றது. படித்ததில் சில விஷயங்கள் நமக்குத் தெம்பு தருபவை, சில கொஞ்சம் கசப்பானவை. இரண்டையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஒரே சொல், இரண்டு பொருள்

தம்பி சொன்னது சரிதான். ஒரு காலத்தில் உயிர்கள் உண்டாக்கும் பொருள்களை மட்டும் 'ஆர்கானிக்' என்றார்கள். உடம்புக்குள் இருக்கும் ஏதோ ஓர் உயிராற்றல்தான் அவற்றைச் செய்ய முடியும், கண்ணாடிக் குடுவையில் செய்ய முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. 1828 இல் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், உயிரின் துணையே இல்லாமல் ஆய்வகத்தில் யூரியாவைச் செய்துவிட்டார். மாட்டுச் சிறுநீரிலும் மனிதச் சிறுநீரிலும் இருக்கும் அதே யூரியா. அந்த நம்பிக்கை மெல்ல மெல்லக் கலைந்தது. இன்று வேதியியலில் கரிமப் பொருள் என்றால் கரி அணுவை அடிப்படையாகக் கொண்ட சேர்மம், அவ்வளவுதான். அது தொழுவத்தில் வந்ததா, தொழிற்சாலையில் வந்ததா என்று அந்தப் பாடம் கேட்பதில்லை.

நாம் சொல்லும் 'ஆர்கானிக்' ஒரு மூலக்கூறின் பெயரல்ல, ஒரு விவசாய முறையின் பெயர். கோமியத்தில் இருக்கும் யூரியாவும் மூட்டையில் இருக்கும் யூரியாவும் மூலக்கூறாகப் பார்த்தால் ஒன்றேதான். ஆனால் சாணமும் கோமியமும் நனைந்த வைக்கோலும் மண்ணுக்கு வரும்போது கூடவே கரி வருகிறது, நுண்ணுயிர்களுக்குத் தீனி வருகிறது. மூட்டை யூரியாவில் தழைச்சத்து மட்டும் வருகிறது. அதிலும் ஓர் அணு கரி உண்டு என்றாலும், மண்ணில் விழுந்ததும் அது கரியமில வாயுவாகப் போய்விடும். இந்தப் பதிலைத்தான் அன்று அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் அடுத்த கேள்வி. கூட வருகிற அந்தக் கரி, மண்ணுக்குள் போய் என்ன ஆகிறது? நாம் 'மட்கு' என்று சொல்கிறோமே, அது உண்மையில் என்ன பொருள்?

என் கணக்கு உதைத்த இடம்

இந்தக் கேள்வி எனக்கு வெறும் படிப்புக் கேள்வியல்ல. ஓய்வு பெற்று, மணப்பாறைப் பக்கம் நாலு ஏக்கர் செம்மண் காட்டில் இறங்கியபோது முதல் வேலையாக மண் பரிசோதனை செய்தேன். கரிமச்சத்து 0.38 சதவீதம் என்று வந்தது. நம் ஆய்வகங்களில் 0.5க்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் இருந்தால் அதிகம் என்று பிரிப்பார்கள். நம்முடையது குறைவு. உரக்கடையில் கேட்டேன். "ஹியூமிக் அமிலம் விடுங்க சார், அதுதான் ஹியூமஸ், மண்ணு கருப்பாயிடும்" என்றார்கள். ஏக்கருக்கு இரண்டு லிட்டர் வீதம் மூன்று வருஷம் விட்டேன். ஜீவாமிர்தமும் விடாமல் கொடுத்தேன். தொழு உரத்துக்கு மாடும் இல்லை, ஆளும் இல்லை என்பதால் அதைக் குறைத்துக்கொண்டேன். மூன்றாம் வருஷம் மறுபடி பரிசோதித்தால் 0.36.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார்: "என்ன மேனேஜர் சார், டெபாசிட் போட்டீங்க, பேலன்ஸ் குறைஞ்சிருக்கே?" அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

ஹியூமிக் அமிலம் எங்கிருந்து வந்தது?

1786 இல் அஷார் என்ற ஜெர்மானியர் ஒரு வேலை செய்தார். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழிலுக்கு அடிகோலியவரும் இவர்தான். சதுப்பு நிலத்தில் பாதி மட்கிக் கிடக்கும் கரிய மண்ணை எடுத்துக் காரத்தில் ஊறவைத்தார். கருப்பான சாறு இறங்கியது. அதில் அமிலத்தை ஊற்றியதும் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு படிவு கீழே தங்கியது. பின்னால் வந்தவர்கள் அதற்கு ஹியூமிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அமிலம் ஊற்றிய பிறகும் படியாமல் கரைசலிலேயே நிற்பது ஃபல்விக் அமிலம். காரத்தில் கரையாமல் மண்ணோடு தங்கிவிடுவது ஹியூமின். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மட்கைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த மூன்று பெயர்களைச் சுற்றியே நடந்தது.

இடையில் ஒரு பெரிய சண்டையும் நடந்தது. 1800களின் தொடக்கத்தில் ஆல்பிரெக்ட் டேயர் போன்ற அறிஞர்கள், செடி தனக்கு வேண்டிய கரியை மட்கிலிருந்துதான் சாப்பிடுகிறது என்றார்கள். 1840 இல் லீபிக் தன் புகழ்பெற்ற நூலில் அதை மறுத்தார். கரி காற்றிலிருந்து வருகிறது, மண்ணிலிருந்து வேண்டியது தாது உப்புகள்தான் என்றார். கரி காற்றிலிருந்து வருகிறது என்பதில் அவர் சொன்னது சரி. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள், மட்கு செடிக்குச் சோறு இல்லையென்றால் மட்கே தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். வீட்டில் அடுப்பைச் சாப்பிட முடியாது என்பதற்காக அடுப்பைத் தூக்கி வீசுவார்களா? அந்தத் தவறுக்கு நம் நிலங்கள் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கின்றன.

வடித்த கஞ்சியை வைத்து நெல்லைச் சொல்ல முடியுமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பாடப்புத்தகங்கள் சொன்னது இதுதான்: இலை தழை மட்கும்போது அதன் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாத ராட்சத மூலக்கூறுகளாக மாறுகின்றன. அவைதான் ஹியூமஸ். அதனால்தான் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நிற்கின்றன.

இதில் ஒரு சந்தேகம் பழைய காலத்திலேயே எழுந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டு நோபல் பரிசு வாங்கிய செல்மன் வாக்ஸ்மன் அடிப்படையில் ஒரு மண் நுண்ணுயிரியலாளர். 1936 இல் 'ஹியூமஸ்' என்றே ஒரு பெரிய நூல் எழுதினார். ஹியூமிக் அமிலம் போன்ற பெயர்களையே விட்டுவிடலாம் என்று அதில் வாதிட்டார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நவீனக் கருவிகள் வந்த பிறகு, மண்ணைக் கரைக்காமல் அப்படியே வைத்துக் கதிர்களைப் பாய்ச்சிப் பார்க்க முடிந்தது. அந்த ராட்சத மூலக்கூறுகளைத் தேடினார்கள். தெரிந்தவையோ, செடியின் சிதைந்த துண்டுகள், நுண்ணுயிர்களின் உடல் எச்சங்கள், களித் துகளில் ஒட்டிய சின்னச் சின்ன மூலக்கூறுகள். 2011 இலும் 2015 இலும் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. இரண்டாவதை எழுதியவர்கள் லேமன், கிளேபர் என்ற இருவர். அவர்கள் சொன்னதன் சாரம்: ஹியூமிக் அமிலம் என்று நாம் பார்ப்பது, கடுமையான காரத்தில் மண்ணை ஊறவைத்ததால் கிடைத்த பொருள். மண்ணில் அது அந்த வடிவத்தில் இருந்தது என்பதற்குச் சான்று இல்லை.

சோற்றை வடித்துவிட்டு, அந்தக் கஞ்சியைப் பார்த்து நெல் எப்படி இருந்தது என்று ஒருவர் வர்ணித்தால் எப்படி இருக்கும்? கஞ்சி பொய்யில்லை, குடிக்கலாம், உடம்புக்கும் நல்லது. ஆனால் அது நெல் இல்லை.

எல்லா விஞ்ஞானிகளும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. காரத்தில் எடுத்த பகுதிகளை வைத்து மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் எத்தனையோ உருப்படியான உண்மைகள் தெரிந்திருக்கின்றன, அந்த முறையைத் தள்ளிவிட வேண்டாம் என்று 2019 இல் வேறொரு குழுவினர் விரிவாக எழுதினார்கள். விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் மட்கு என்பது ஒரே ஒரு சரக்கு அல்ல, மாறிக்கொண்டே இருக்கும் கலவை என்ற கருத்து இன்று வலுவாக நிற்கிறது.

அப்படியானால் கரியை மண்ணில் நிறுத்துவது எது?

இங்கேதான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. கரி மண்ணில் தங்குவது, அது தின்ன முடியாத பொருள் என்பதால் மட்டும் அல்ல. எட்ட முடியாத இடத்தில் மாட்டிக்கொள்வதாலும், களியோடும் இரும்புத் தாதுவோடும் ஒட்டிக்கொள்வதாலும்தான் பெரும்பகுதி தங்குகிறது. மண் உருண்டைகளுக்குள் சிறைப்பட்ட துண்டை நுண்ணுயிர் எளிதில் தொட முடியாது. உழுது உடைத்தால் சிறை திறந்துவிடும்.

இன்னொரு செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. நீண்ட நாள் தங்கும் கரியில் பெரும்பங்கு நாம் போட்ட இலை அப்படியே மாறியது அல்ல. இலையைத் தின்று வளர்ந்த நுண்ணுயிர்கள் செத்து, அந்த உடல்கள் களித் துகளில் ஒட்டியதால் வந்தது. இதை உறுதி செய்ய அமெரிக்காவில் ஒரு குழுவினர் கரியே இல்லாத செயற்கை மண்ணை, அதாவது மணலையும் களியையும் கலந்து எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் நுண்ணுயிரை விட்டு, சர்க்கரை போன்ற எளிய தீனியைத் தொடர்ந்து கொடுத்து வந்தார்கள். ஓர் இலைத் துணுக்கு கூடப் போடவில்லை. கடைசியில் அந்த மண்ணில் உருவான கரிமப் பொருள், இயற்கை மண்ணில் இருப்பதைப் போலவே பலவகைப்பட்டதாக இருந்தது. 2016 இல் இது வெளியானது.

ஆகவே நாம் மட்கைக் கொண்டுவந்து போடுவதில்லை. தீனி போடுகிறோம். மட்கைச் செய்வது அவர்கள் வேலை. தீனி நின்றால் வேலையும் நின்றுவிடும்.

நூறு ஆண்டுப் பாஸ்புக்

வங்கிக்காரனுக்குப் பழைய பேரேடுதான் நம்பிக்கை. மண்ணுக்கும் அப்படிப் பேரேடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை போட்டு வருகிறார்கள். அதில் ஒரு பகுதிக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு ஏறத்தாழ 14 டன் தொழு உரம். அங்கே கரிமச்சத்து, எதுவுமே இடாத பகுதியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. ஆனால் அது சட்டென்று ஏறவில்லை. முதலில் கொஞ்சம் வேகமாக ஏறி, பிறகு மெதுவாகி, பல பத்தாண்டுகள் எடுத்தது.

கசப்பான செய்தியும் அதே வயலில் இருக்கிறது. ரசாயன உரம் மட்டும் இட்ட பகுதியில், ஒன்றுமே இடாத பகுதியைவிடக் கரிமச்சத்து சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. உரத்தால் பயிர் செழித்து, வேரும் தாளும் கூடுதலாக மண்ணுக்குத் திரும்பியதால் வந்த பலன் அது. நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. ரசாயனத்தை நிறுத்தினால் மட்டும் மண் தேறாது, கரியைக் கொடுத்தால்தான் தேறும் என்பதை அந்தப் பகுதி நமக்குச் சொல்கிறது. ஒன்றும் இடாமல் "நான் இயற்கை விவசாயி" என்று சொல்லிக்கொள்பவரின் மண், இயற்கை விவசாயம் ஆகிவிடாது.

அதே நிலையத்தின் இன்னொரு வயலில் 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டுகள் தொழு உரம் இட்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தி நூறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், உரமே காணாத பகுதியைவிட அங்கே கரிமச்சத்து கூடுதலாக இருந்தது. தாத்தா போட்ட டெபாசிட்டைப் பேரன் பார்த்தது போல.

ஆனால் அது குளிர் நாடு. நம்மூரில் அப்படி நிற்குமா? அடையாளமிட்ட ஒரே வகைப் புல்லை இங்கிலாந்திலும் நைஜீரியாவிலும் மண்ணில் கலந்து ஒப்பிட்ட ஆய்வு 1977 இல் வந்தது. வெப்ப நாட்டில் அது நாலு மடங்கு வேகமாகச் செரித்துப் போனது. நம் வெயில் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வட்டி குறைவு, எடுப்பு அதிகம். அதனால் நாம் இன்னும் அடிக்கடி கட்ட வேண்டியிருக்கிறது.

நம்முடைய சொந்தப் பேரேடும் உண்டு. கோவையில் இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழக நிலத்தில் 1909 இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. அங்கும் தொழு உரம் இட்ட பாத்திகளில்தான் கரிமச்சத்து கூடுதல்.

ஓர் ஏக்கரின் வரவு செலவு

இப்போது என் பழைய தொழிலுக்கு வருகிறேன். பேனாவை எடுங்கள்.

ஓர் ஏக்கரில் அரை அடி ஆழத்துக்கு இருக்கும் மண் சுமார் 900 டன். என் மண்ணில் கரி 0.36 சதவீதம். அதாவது 3,240 கிலோ. இது கையிருப்பு. இதை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரி கூடுதலாக நிற்க வேண்டும்.

ஹியூமிக் பாட்டிலில் 12 சதவீதம் என்று போட்டிருந்தது. ஒரு லிட்டரில் சுமார் 120 கிராம். அதில் பாதி கரி என்றால் 60 கிராம். இரண்டு லிட்டருக்கு 120 கிராம். 3,240 கிலோ இருக்கிற கணக்கில் நான் வருஷத்துக்கு 120 கிராம் கட்டிவிட்டுப் பேலன்ஸ் ஏறவில்லையே என்று கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது.

ஜீவாமிர்தத்தையும் அதே தராசில் வைக்கத்தான் வேண்டும். 200 லிட்டரில் 10 கிலோ சாணம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. இதில் உள்ள மொத்தக் கரி இரண்டரை கிலோ வாக்கில்தான் தேறும். மாதம் ஒரு தரம் விட்டாலும் ஆண்டுக்கு 30 கிலோ. ஜீவாமிர்தத்தை நான் குறை சொல்லவில்லை, இன்றும் விடுகிறேன். அது உறை மோர். பாலில் விட்டால் தயிர் ஆகும். பாலே இல்லாத பானையில் உறை மோரை ஊற்றிவிட்டு விடியற்காலையில் தயிரைத் தேடினேன், அதுதான் என் தப்பு.

பால் எது? 5 டன் தொழு உரம். பாதி ஈரம் போக, சாம்பல் மண் போக, சுமார் 700 கிலோ கரி. பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழுத தக்கைப்பூண்டோ சணப்பையோ 8 டன் பச்சையாக இருந்தால் இன்னொரு 650 கிலோ. மூடாக்கும் பயிரின் வேரும் சேர்ந்து ஒரு 600, 700 கிலோ. மொத்தம் 2,000 கிலோ வரவு. இதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விட்டுவிடும். ஏழில் ஒரு பங்கு தங்கினால் 285 கிலோ. பழைய கையிருப்பிலிருந்து ஆண்டுக்கு 100 கிலோ வாக்கில் செரித்துப் போகிறது என்று வைத்துக்கொண்டால் நிகரம் 185 கிலோ. அப்படிப் போனால் 0.1 சதவீதம் ஏற ஐந்து வருஷம்.

இவை என் மனக்கணக்கு. உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் தகுந்தபடி கூடும் குறையும். ஆனால் அளவு புரியும். கிராமில் கட்டினால் ஏறாது. டன் கணக்கில், வருஷா வருஷம் கட்டினால் மெல்ல ஏறும். மூச்சாகப் போன கரியும் வீண் இல்லை. அந்தத் தீனியைத் தின்னும்போதுதான் நுண்ணுயிர்கள் பயிருக்குச் சத்தை அவிழ்த்துக் கொடுக்கின்றன. நடப்புக் கணக்கில் பணம் புரண்டால்தான் கடை நடக்கும்.

அப்போ ஹியூமிக் பாட்டில் ஏமாற்றா?

இல்லை. 2014 இல் வந்த ஓர் ஆய்வு, அதுவரை நடந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஹியூமிக் பொருள்கள் கொடுத்த செடிகளில் தண்டும் இலையும் சராசரியாக 22 சதவீதம், வேர் 21 சதவீதம் எடை கூடியிருந்தன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, மண்ணுக்கும் பயிருக்கும் சரக்கின் மூலத்துக்கும் ஏற்ப மாறியது. வேரைத் தூண்டும் வேலை அதற்கு உண்டு. பெரும்பாலும் பழுப்பு நிலக்கரி வகைகளிலிருந்து காரம் வைத்து எடுக்கிறார்கள். நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறார்கள். 2021 இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் பயிர் ஊக்கிகள் என்ற பிரிவைச் சேர்த்து, ஹியூமிக், ஃபல்விக் சரக்குகளை அதில் கொண்டுவந்தது. ஊக்கி என்பதுதான் சரியான பெயர். ஊக்கியாக வாங்குங்கள், பலன் இருந்தால் தொடருங்கள். "இதை விட்டால் தொழு உரம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நான் மாற்றிக்கொண்டது

ஒன்று, வேரைப் பிடுங்குவதில்லை. அறுவடையில் தாளை வெட்டுகிறேன், வேர் மண்ணிலேயே இருக்கும். வேரிலிருந்து வரும் கரி, மேலே கிடக்கும் தழையின் கரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீண்ட காலம் நிற்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நிலம் சும்மா கிடக்கும் நாளைக் குறைக்கப் பலதானிய விதைப்பு.

இரண்டு, தாளோடு பயறு. நுண்ணுயிர் தன் உடம்பைக் கட்ட, எட்டுப் பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து வாக்கில் கேட்கும். வைக்கோலில் எண்பதுக்கு ஒன்றுதான் இருக்கும். வெறும் வைக்கோலைப் போட்டால் தின்று தீர்த்து மூச்சாக விட்டுவிடும், உடம்பாகக் கட்டாது. கூடவே கொளுஞ்சி, தட்டைப்பயறு, சாணம் ஏதாவது இருந்தால் கட்டும்.

மூன்று, உழவைக் குறைத்தேன். முன்பு நாலு சால், இப்போது ஒன்று, சில பட்டத்தில் அதுவும் இல்லை.

நாலு, வண்டல். என் செம்மண்ணில் களி குறைவு. கரி ஒட்டிக்கொள்ளக் களி வேண்டுமே. அனுமதி வாங்கிக் குளத்து வண்டல் அடித்தேன். கோடையில் வண்டல் அடிப்பதும் கிடை போடுவதும் நம் பெரியவர்கள் செய்ததுதான். அதன் காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

எப்படி அளப்பது?

ஆய்வகத்தில் பெரும்பாலும் 1934 இல் வாக்லி, பிளாக் என்ற இருவர் கண்ட முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். மண்ணிலுள்ள கரியை ரசாயனத்தால் எரித்து, செலவான ரசாயனத்தைக் கணக்கிடுவது. எரியாமல் தப்புவதை ஈடுகட்ட ஒரு பெருக்கலும் உண்டு. ஆகவே 0.02 ஏறியது, இறங்கியது என்று குதிக்கவோ கலங்கவோ வேண்டாம். என் 0.38 க்கும் 0.36 க்கும் உண்மையில் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம். ஒரே ஆய்வகம், ஒரே மாதம், ஒரே ஆழம், மூன்று ஆண்டுக்கு ஒரு தரம் போதும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வயலின் நடுவில் ஒரு மண்கட்டி, பல ஆண்டாக உழாத வரப்பில் ஒரு மண்கட்டி. நிழலில் நன்றாகக் காயவிட்டு, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். கரிமச்சத்து குறைந்த கட்டி சில நிமிஷத்தில் பொலபொலவென்று கரைந்து தண்ணீர் கலங்கும். நுண்ணுயிர்ப் பசையும் வேரும் பிடித்த கட்டி உருக்குலையாமல் கிடக்கும். முதல் முறை செய்தபோது என் வயல் கட்டி, நான் காபி குடித்து முடிப்பதற்குள் சேறாகிவிட்டது.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு ஐந்தாம் வருஷம் ஆய்வகத்தில் 0.44 வந்திருக்கிறது. இன்னும் 'குறைவு' என்ற கட்டத்தில்தான் இருக்கிறேன். ஆனால் இப்போது வயல் கட்டி டம்ளரில் ஒரு மணி நேரம் நிற்கிறது. அந்த அண்ணனிடம் காட்டினேன். "பரவாயில்லையே மேனேஜர் சார்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தன் வயல் கட்டியைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தார்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வங்கியில் எத்தனையோ பயிர்க்கடன் கொடுத்திருக்கிறேன். பட்டா கேட்டேன், சிட்டா கேட்டேன், அடங்கல் கேட்டேன், வில்லங்கம் பார்த்தேன். உரத்துக்கு எவ்வளவு செலவு என்று கட்டம் கட்டி எழுதினேன். அந்த மண்ணில் கரி எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வாராக்கடன் என்று நான் சிவப்பு மையில் எழுதிய சில பெயர்களை வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு மண்கட்டி கொண்டுவாருங்கள். டம்ளர் நான் கொண்டுவருகிறேன். அந்தத் தம்பியையும் அழைத்திருக்கிறேன்.